காட்டேஜ் சீஸ், பழம், நட்ஸ்: தண்ணீர் தேங்காத கிண்ணம் செய்வது எப்படி

அடுப்பு பற்றவைக்காமல் ஐந்து நிமிடத்தில் ஆகிவிடும் காலை உணவு இது. டப்பாவிலிருந்து சீஸை எடுத்துப் போட்டு, பழத்தை நறுக்கிச் சேர்த்து, மேலே நட்ஸ் தூவினால் முடிந்தது. இதற்கு ஒரு செய்முறையா என்று தோன்றும். ஆனால் முதல் தடவை செய்பவர்கள் பலருக்கு நடப்பது வேறு. பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் வெளிறிய தண்ணீர் தேங்கிவிடும், பாதாம் நமத்துவிடும், மாம்பழச் சாறும் மோரும் கலந்த ஏதோ ஒன்று மிஞ்சும். அப்படி ஒருமுறை சாப்பிட்டவர் அடுத்த டப்பா வாங்க மாட்டார்.

சமைக்க எதுவும் இல்லாத உணவில் பார்க்க வேண்டியது ஈரம் ஒன்றைத்தான். சீஸில் எவ்வளவு நீர் இருக்கிறது, பழம் எவ்வளவு விடும், நட்ஸ் எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அவரவர் நாக்கின் விருப்பம்.

முதலில், எந்தச் சீஸ்

நம் ஊர் ஓட்டல் மெனுக்களில் ‘காட்டேஜ் சீஸ்’ என்று அச்சடித்திருந்தால் வருவது பனீர். அமெரிக்காவிலோ கனடாவிலோ இங்கிலாந்திலோ அதே பெயரில் டப்பா வாங்கினால் உள்ளே இருப்பது வேறு பண்டம். அது உதிரி உதிரியான வெள்ளை மணிகள். அவற்றின்மேல் லேசாக உப்பிட்ட கிரீம் ஊற்றிக் கலந்திருக்கும். பனீருக்குப் பாலைக் கொதிக்கவைத்து எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்து, துணியில் கட்டிப் பாரம் வைத்து அழுத்துவார்கள். காட்டேஜ் சீஸுக்குக் கொழுப்பு எடுத்த பாலில் உறை ஊற்றி, பெரும்பாலும் துளி ரென்னெட்டும் (பாலைத் திரியவைக்கும் நொதி; கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுப்பார்கள்) சேர்த்து உறையவைத்து, அந்தத் தயிர்க்கட்டியைச் சிறு சதுரங்களாக வெட்டி, மெதுவாகச் சூடேற்றி நீரை வடிப்பார்கள். அழுத்துவதில்லை. அதனால்தான் மணிகள் தனித்தனியாக நிற்கின்றன, ஈரமும் அதிகமாக இருக்கிறது. அமெரிக்க உணவு விதிப்படி இதில் 80 சதவீதம் வரை நீர் இருக்கலாம். ஆக, டப்பாவில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

டப்பாவை எடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது கொழுப்பு. 4 சதவீதம் என்று போட்டிருப்பது முழுக் கொழுப்பு. 2 சதவீதம், 1 சதவீதம், கொழுப்பே இல்லாதது என்றும் வரும். இந்தக் கிண்ணத்துக்கு 4 சதவீதம்தான் சரி. கொழுப்பு குறையக் குறைய கிரீமுக்குப் பதில் நீர்த்த பால் போன்ற ஒன்றே மணிகளைச் சுற்றி இருக்கும், பழத்தோடு சேர்ந்ததும் ஓடத் தொடங்கிவிடும். 100 கிராமுக்கு 98 கலோரிதான் என்பதால் முழுக் கொழுப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. இரண்டாவது, மணியின் அளவு. சிறு மணி, பெரு மணி என இரண்டு உண்டு. சிறு மணி கிரீமை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பெரு மணியில் மென்று சாப்பிடும் சுகம் இருக்கிறது, ஆனால் சீக்கிரம் நீர் பிரியும். புதிதாகப் பழகுபவர்கள் சிறு மணியில் தொடங்கலாம். மூன்றாவது, பொருள் பட்டியல். சைவம் பார்ப்பவர்கள் ரென்னெட் எதிலிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டும். நுண்ணுயிர் ரென்னெட் என்றோ சைவத்துக்கு ஏற்றது என்றோ குறித்திருந்தால் சிக்கலில்லை. இந்தியாவில் பச்சைப் புள்ளி போதும்.

ரிக்கோட்டா வேறு ரகம். அது சீஸ் செய்து மிஞ்சிய மோர்நீரை மறுபடி காய்ச்சி எடுப்பது. இனிப்பாக, மாவு போல இருக்கும். இதே கிண்ணத்தை அதிலும் செய்யலாம், ஆனால் மணி மணியாகக் கடிபடாது.

ஒருவருக்கு அளவு

காட்டேஜ் சீஸ் 150 கிராம். பழம், தோலும் கொட்டையும் போக 100 கிராம். நட்ஸ் 15 கிராம். தேன் ஒரு தேக்கரண்டி, அதுவும் பழம் புளித்தால்தான். ஏலக்காய்ப் பொடியோ புதிதாக இடித்த மிளகோ ஒரு சிட்டிகை.

தராசு இல்லாவிட்டால் இப்படிக் கணக்கிடலாம். 15 கிராம் என்பது 12 பாதாம், அல்லது 10 முந்திரி, அல்லது ஏழு அரை வால்நட். 150 கிராம் சீஸ் என்பது முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்காவில் பரவலாக விற்கும் 454 கிராம் டப்பாவில் மூன்று கிண்ணம் வரும். மாம்பழம் போட்டால் மொத்தம் 300 கலோரிக்குப் பக்கம், புரதம் கிட்டத்தட்ட 20 கிராம். மூன்று முட்டையில் இருக்கும் புரதம் இது.

பழத்தை 100 கிராமுக்கு மேல் ஏற்றாதீர்கள். பார்க்க அழகாக இருக்கிறதென்று குவித்தால் சீஸ் தாங்காது. பழம் நிறைய வேண்டும் என்றால் பக்கத்தில் தனித்தட்டில் வைத்துச் சாப்பிடுவது நல்லது.

சீஸை வடிப்பது

டப்பாவைத் திறந்ததும் மேலே திரவம் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு வகைத் திரவம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கெட்டியாக, பால் வெள்ளையாக, கரண்டியில் ஒட்டிக்கொண்டு வருவது கிரீம். அதுதான் ருசி, அதை வடிக்கக் கூடாது. இளம்பச்சை கலந்த மஞ்சளாக, அரிசி களைந்த நீர்போல ஓடுவது மோர்நீர். அதுதான் போக வேண்டியது.

மோர்நீர் நிற்கிறதென்றால் டப்பாவைக் கலக்காமல் மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிடுங்கள். அதுவே பல டப்பாக்களுக்குப் போதும். அதன் பிறகும் தளர்வாக இருந்தால் 150 கிராமை வடிகட்டியில் போட்டுப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டியிலிருந்து மூன்று மேசைக்கரண்டி வரை நீர் இறங்கும். டீ வடிகட்டி இதற்குச் சரிவராது, கண்கள் அடைத்துக்கொள்ளும்; மாவு சலிக்கும் சல்லடை அளவுக்குக் கண் பெரிதாக இருக்க வேண்டும். கரண்டியால் அழுத்தி வடிக்கும் அவசரம் வேண்டாம். அழுத்தினால் மணி உடையும், கிரீமும் சேர்ந்து போகும், மிஞ்சுவது ரப்பர் போல வறண்டிருக்கும். அப்படி வறண்டுவிட்டால் புளிக்காத கெட்டித் தயிர் ஒரு மேசைக்கரண்டி கலந்தால் சரியாகும்.

மணி மணியாக இருப்பதே பிடிக்காதவர்கள் மிக்ஸியின் சிறிய ஜாரில் முப்பது விநாடி அடித்துக்கொள்ளலாம். ஸ்ரீகண்ட் போல வழுவழுப்பாக வரும். 200 கிராமுக்குக் குறைந்தால் பிளேடில் மாட்டாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போது கை தானாகப் பாலைத் தேடும், விடாதீர்கள். ஒரு கரண்டி பால் விட்டால்கூட அது லஸ்ஸியை நோக்கிப் போய்விடும். இரண்டு பேருக்கான அளவாக 300 கிராம் அடித்து, பாதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளுக்கு ஆகும்.

பழம்: எல்லாப் பிரச்சினையும் இங்கேதான்

அன்னாசியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் காட்டேஜ் சீஸுக்கு உலகப் புகழ்பெற்ற ஜோடி அதுதான். 1974 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் பதவி விலகியபோது வெள்ளை மாளிகையில் அவருடைய கடைசி மதிய உணவு, அன்னாசித் துண்டுகளுக்கு நடுவே ஒரு குவியல் காட்டேஜ் சீஸும் ஒரு தம்ளர் பாலும். வெள்ளித் தட்டில் வைத்த அந்தச் சாப்பாட்டைப் படம் எடுத்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் சந்தையில் வாங்கிய பச்சை அன்னாசியை நறுக்கிப் போட்டுவிட்டு, குளித்து முடித்து வந்து சாப்பிட்டால் கசக்கும். அன்னாசியில் புரோமலெய்ன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை அறுக்கும். அறுந்த புரதத் துணுக்குகள் சில கசப்பானவை. மணிகள் இளகி நீரும் விடும். பப்பாளியில் பப்பெய்ன், கிவியில் ஆக்டினிடின், பச்சை அத்திப்பழத்தில் ஃபிசின் என்று இதே வேலை செய்யும் நொதிகள் உண்டு. கறி வேகப் பப்பாளிக்காய் அரைத்துப் போடும் அதே சங்கதிதான்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, இந்த நான்கையும் வாயில் வைக்கும் நொடியில் சேர்ப்பது. ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தால் கசப்பு தெரியாது. இன்னொன்று, டின்னில் வரும் அன்னாசி. டின்னில் அடைக்கும்போது சூடேற்றுவதால் நொதி செயலிழந்துவிடும். டின் என்றால் சர்க்கரைப் பாகில் ஊறியதை விட்டுவிட்டு, பழச்சாற்றிலேயே ஊறியதாகப் பார்த்து வாங்கி, வடிகட்டியில் ஐந்து நிமிடம் வைத்து, டிஷ்யூ தாளில் ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் போட்டால் வடித்த வேலையெல்லாம் வீண்.

இந்தக் கிண்ணத்துக்கு மாம்பழம் நன்றாகப் பொருந்தும், ரகம் பார்த்து எடுத்தால். நார் இல்லாமல், சதை இறுகி, சாறு ஒழுகாமல் இருக்க வேண்டும். பங்கனப்பள்ளி கச்சிதம். மல்கோவாவைத் தனியாகச் சாப்பிடுங்கள். அதன் சாற்றை எந்தச் சீஸும் தாங்காது. காம்புப் பக்கம் மணம் வந்து, அழுத்தினால் கொஞ்சமே அமுங்கும் பருவத்தில் எடுக்க வேண்டும். கொட்டையை ஒட்டி இரு கன்னங்களையும் சீவி, சதையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தோல் பக்கத்திலிருந்து விரலால் உந்தினால் சதுரங்கள் விரிந்து நிற்கும். அவற்றைக் கத்தியால் சீவி எடுங்கள். ஒரு சென்டிமீட்டர் சதுரம் சரியான அளவு. பொடிப்பொடியாக நறுக்கினால் வெட்டுமுகம் கூடும், வெட்டுமுகம் கூடினால் சாறும் கூடும். 300 கிராம் பழத்தில் இரண்டு பேருக்கு வரும்.

மாதுளை ஈரப் பிரச்சினை இல்லாதது. ஒவ்வொரு முத்தும் தன் சாற்றைத் தன் தோலுக்குள் வைத்துக்கொள்கிறது. கிரீடத்தை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்து, உள்ளே தெரியும் வெள்ளைச் சவ்வின் வழியே பழத்தின் தோலை மேலிருந்து கீழாகக் கீறி, கையால் பிளந்தால் முத்து உடையாமல் பிரியும். நடுவில் குறுக்காக வெட்டுவதுதான் சட்டையில் கறைபடும் வழி. உதிர்த்த முத்தை ஈரமில்லாத டப்பாவில் மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

ஆப்பிளும் பேரிக்காயும் கொய்யாவும் நீர் விடாது, ஆனால் ஆப்பிளும் பேரியும் நறுக்கினால் பழுப்பேறும். அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் ஒரு மணி நேரம் நிறம் நிற்கும். கொய்யா சிவப்புச் சதை என்றால் கண்ணுக்கும் அழகு. விதை பல்லில் மாட்டும் என்பவர்கள் நடுச்சதையை வழித்துவிடலாம். வாழையில் பூவன், ரஸ்தாளி குழைந்துபோகும். நேந்திரன் பழுத்தது, அல்லது அதிகம் கனியாத செவ்வாழை வட்டமாக நிற்கும். சப்போட்டா ருசி அபாரம், நிறம்தான் சீஸை அழுக்காக்கும். அதைக் கலக்காமல் ஓரத்தில் வைக்க வேண்டும்.

திராட்சையை முழுதாகப் போட்டால் ஒழுகாது, இரண்டாக வெட்டினால் ஒழுகும். ஆரஞ்சு, சாத்துக்குடியில் சுளைத்தோலை உரிக்காமல் விதையை மட்டும் எடுங்கள். ஸ்ட்ராபெரியை நறுக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் சிவப்பு நீர் விடும், சர்க்கரை தூவினால் இரண்டு நிமிடத்தில். தர்பூசணிக்கு இந்தக் கிண்ணத்தில் இடமே இல்லை. முலாம்பழமும் அப்படித்தான், எவ்வளவு இனிப்பாக இருந்தாலும்.

எந்தப் பழமானாலும் கழுவிய பிறகு துணியால் நன்றாகத் துடையுங்கள். பல கிண்ணங்களில் தேங்கும் நீரில் பாதி, குழாயடியிலிருந்து வந்தது.

உறைந்த மாம்பழத் துண்டு, பெர்ரி வகைகளை வாங்கி வைத்திருப்பவர்கள் அவற்றை வடிகட்டியில் வைத்து உருகவிட்டு, இறங்கிய சாற்றைத் தனியாக எடுத்துவைக்கலாம். உறைந்தபடியே சீஸின்மேல் போட்டால் உருகும் சாறு முழுவதும் கிண்ணத்துக்குள்தான் இறங்கும்.

இதற்கு நேர்மாறான பழங்கள் உண்டு: உலர்ந்தவை. உலர் திராட்சை, நறுக்கிய பேரீச்சை, உலர் அத்தி, ஏப்ரிகாட் எல்லாம் நீரை விடாமல் குடிக்கும். சீஸ் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது, வடிக்க நேரமில்லை என்றால் ஒரு மேசைக்கரண்டி உலர் திராட்சையை அதில் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். திராட்சை உப்பும், சீஸ் இறுகும், லேசான இனிப்பும் ஏறும். முந்தைய இரவே கலந்துவைத்தால் இன்னும் நல்லது, தேனும் தேவைப்படாது.

நட்ஸ்

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் கடையிலேயே நடந்துவிடுகிறது. வால்நட்டில் சீக்கிரம் காரல் ஏறும் எண்ணெய் அதிகம். பாக்கெட்டைத் திறந்து மோந்து பாருங்கள். பெயிண்ட் வாடை, பழைய எண்ணெய் வாடை வந்தால் அது கெட்டது. சந்தேகமாக இருந்தால் ஒன்றைக் கடித்து மெல்லுங்கள். தோலின் துவர்ப்பு முதலில் வந்து உடனே போகும், அது இயல்பு. காரல் கடைசியில் வந்து தொண்டையில் நிற்கும். பச்சையாகச் சாப்பிடும் கிண்ணத்தில் அதை மறைக்க மசாலாவும் கிடையாது. வாங்கியதும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஆறு மாதம் தாங்கும். அடுப்பு மேடைக்கு மேல் இருக்கும் அலமாரி இதற்கு மிக மோசமான இடம்.

ஊறவைத்த பாதாம் இங்கே வேண்டாம். இரவில் ஊறவைத்துத் தோலுரித்துச் சாப்பிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, தனியாகச் சாப்பிட அது நன்றாகவும் இருக்கும். ஆனால் மெத்தென்ற சீஸ், மெத்தென்ற பழம், மூன்றாவதாகவும் மெத்தென்ற பாதாமா? கடிபட ஏதாவது வேண்டும். உப்பில்லாத, வறுத்த நட்ஸ் என்று பாக்கெட்டில் எழுதியதை வாங்குங்கள். உப்பிட்டது கூடாது, சீஸிலேயே உப்பு இருக்கிறது. பச்சையாகத்தான் கிடைத்தது என்றால் மைக்ரோவேவில் 50 கிராமைத் தட்டில் பரப்பி ஒரு நிமிடம், கிளறிவிட்டு இன்னொரு நிமிடம் வைத்து ஆறவிடலாம். சூடாக இருக்கும்போது மொறுமொறுப்பு தெரியாது, ஆறிய பிறகே வரும். வெதுவெதுப்பாகவே சீஸில் போட்டால் கிரீம் இளகும்.

ஒவ்வொரு பாதாமையும் மூன்று நான்கு துண்டாகக் கத்தியால் நறுக்குவது போதும். மிக்ஸியில் பொடித்தால் ஈரத்தைக் குடித்துப் பழுப்புக் களியாகிவிடும்.

விலை கையைக் கடிக்கிறதென்றால் வறுத்த வேர்க்கடலை. தோலை ஊதித் தள்ளிவிட்டு 20 கிராம், பேரீச்சையோடும் வாழையோடும் சேர்த்தால் பாதாமைவிட ஒரு படி மேல் என்றே சொல்லலாம். பூசணி விதை, வெள்ளரி விதை, வறுத்த எள் ஒரு தேக்கரண்டி தூவலாம். சப்ஜா விதை போடுவதானால் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து வடித்துப் போட வேண்டும். ஊறாமல் போட்டால் பல்லில் மணல் மாதிரி நறநறக்கும்.

கிண்ணத்தில் சேர்ப்பது

கிண்ணத்தைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் நல்லது; மே மாதத்தில் இது கட்டாயம். வடித்த சீஸில் ஏலக்காயையோ மிளகையோ கலந்து கிண்ணத்தில் இட்டு, கரண்டியின் முதுகால் நடுவில் குழி செய்யுங்கள். பழத்தைக் குழியில் வையுங்கள், கிளறாதீர்கள். கசியும் கொஞ்சச் சாறு அந்தக் குழியிலேயே நிற்கும், சீஸ் முழுவதும் பரவாது. நட்ஸைப் பழத்தின்மேல் போடாமல் சீஸின் மேட்டில் தூவுங்கள். தேன் கடைசியில், நட்ஸின்மேல் நூலாக. சீஸோடு தேனைக் கலந்தால் இனிப்பு நீர்த்துப்போய், இன்னும் ஒரு கரண்டி விடத் தோன்றும். மேலே விட்டால் அதே அளவு இரட்டிப்பாகத் தெரியும்.

நாட்டுச்சர்க்கரை போடுவதானால் சாப்பிடும் நேரத்தில்தான். அது நீரை இழுக்கும். ஒன்றிரண்டாக நொறுக்கிய பனங்கற்கண்டு மெதுவாகக் கரைவதால் கடைசி வாய் வரை கடிபடும்.

பனீரில் செய்தால்

தமிழ்நாட்டில் காட்டேஜ் சீஸ் டப்பா பெரிய ஊர்களின் சில கடைகளில்தான் கிடைக்கும், விலையும் கூடுதல். ஆவின், மில்கி மிஸ்ட், அமுல் பனீர் எங்கும் கிடைக்கிறது. 100 கிராம் பனீரைக் கையால் உதிர்த்து, புளிக்காத கெட்டித் தயிர் 60 கிராம், ஃபிரெஷ் கிரீமோ வீட்டுப் பாலாடையோ ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துக் கரண்டியால் கலந்து பத்து நிமிடம் வைத்தால் காட்டேஜ் சீஸுக்குப் பக்கத்தில் வரும். பனீரில் உப்பு கிடையாது என்பதால் அந்தச் சிட்டிகையை விட்டுவிட்டால் சப்பென்றிருக்கும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பனீர் கல்லாக இருந்தால் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, துணியில் ஒற்றி, பிறகு உதிர்க்க வேண்டும். கொழுப்பு குறைந்த பனீர் பச்சையாகச் சாப்பிட லாயக்கில்லை, ரப்பர். கடையில் தண்ணீரில் மிதக்கவிட்டுத் துண்டு போட்டு விற்கும் பனீரைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேகவைக்காமல் சாப்பிடும் இந்தக் கிண்ணத்துக்கு சீல் வைத்த பாக்கெட்டும், தாண்டாத தேதியும் வேண்டும். பாக்கெட்டின் பொருள் பட்டியலில் பாலும் அமிலமும் இருந்தால் பனீர். தாவர எண்ணெய் என்று இருந்தால் அது பனீர் மாதிரியான ஒன்று.

கலோரிக் கணக்கையும் மாற்ற வேண்டும். இந்தக் கலவை 330 கலோரியைத் தாண்டும், காட்டேஜ் சீஸைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நட்ஸைப் பாதியாக்கிவிடுங்கள்.

இன்னொரு மாற்று, தொங்கவிட்ட தயிர். அரை கிலோ கெட்டித் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் வடிகட்டியில் வைத்து ஐந்தாறு மணி நேரம் விட்டால் 200 முதல் 250 கிராம் வரை நிற்கும். மணி இருக்காது, புளிப்பு இருக்கும். மாம்பழத்துக்கும் பேரீச்சைக்கும் இது பொருந்தும், ஆரஞ்சுக்குப் பொருந்தாது.

இனிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு

கடற்கரைச் சுண்டலின் தேங்காய், மாங்காய் ஜோடி இங்கேயும் செல்லும். 150 கிராம் சீஸுக்குப் பொடியாக நறுக்கிய கிளிமூக்கு மாங்காய் 30 கிராம், விதைப்பகுதி வழித்த வெள்ளரி 50 கிராம், தேங்காய்த் துருவல் ஒரு மேசைக்கரண்டி, வறுத்த வேர்க்கடலை 20 கிராம், பாதிப் பச்சை மிளகாய், கொத்தமல்லி. உப்பு போடவே வேண்டாம். சின்ன வெங்காயம் வேண்டுமென்றால் இரண்டு, சாப்பிடும்போது நறுக்கிச் சேர்க்கலாம். முன்பே போட்டால் நீரும் விடும், வாடையும் சீஸில் ஏறும். ருசி என்று பார்த்தால் இனிப்புக் கிண்ணத்தைவிட இதற்கே எங்கள் ஓட்டு.

ஆபீசுக்குக் கட்டும்போது

வாயகன்ற பாட்டிலில் அடுக்குவதானால் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பழம் அடியில், சீஸ் மேலே. சாறு கீழேயே தங்கும், சீஸ் கெட்டியாக இருக்கும். நட்ஸ் தனிப் பொட்டலத்தில். இதற்கு மாதுளை, ஆப்பிள், முழுத் திராட்சை சரி. அன்னாசி, பப்பாளி, கிவி கூடவே கூடாது. ஐஸ் பேக் இல்லாத பையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

டப்பாவைப் பாதுகாப்பது, யார் கவனிக்க வேண்டும்

திறந்த டப்பா ஐந்திலிருந்து ஏழு நாள். கதவுத் தட்டில் வைக்காமல் உள் தட்டில், பின்பக்கம் வையுங்கள். எடுக்கும் கரண்டி ஒவ்வொரு முறையும் உலர்ந்ததாக இருக்க வேண்டும், ருசி பார்த்த கரண்டி உள்ளே போகக் கூடாது. பூஞ்சையோ இளஞ்சிவப்புப் புள்ளியோ தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுவது இந்த மாதிரி மென்மையான சீஸில் ஆகாது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். முழு டப்பாவும் குப்பைக்கு. ஃபிரீசரில் வைத்தால் கெடாது, ஆனால் உருகும்போது மணி உடைந்து நீர் தனியாகிவிடும்.

150 கிராம் சீஸில் 500 மில்லிகிராமுக்குப் பக்கம் சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் 2000 மில்லிகிராமில் அது கால் பங்கு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பு சேர்க்காத டப்பாவைத் தேடலாம், அல்லது உப்பிடாமல் பனீரில் செய்துகொள்ளலாம். கர்ப்பிணிகள் பாஸ்டரைஸ் செய்த பாலில் ஆனது என்று குறித்திருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது; ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழு நட்ஸும் முழுத் திராட்சையும் தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டி, நட்ஸை நன்றாகப் பொடித்துக் கொடுங்கள்.

வடித்த மோர்நீரைக் கொட்ட வேண்டாம். பனீர் பாக்கெட்டிலோ தயிர் மூட்டையிலோ இறங்கியதாக இருந்தால் சப்பாத்தி மாவு பிசையவோ, ரசத்தில் கடைசியாக விடவோ ஆகும். காட்டேஜ் சீஸ் டப்பாவிலிருந்து வந்ததில் உப்பு இருக்கும் என்பதால், அதை ஊற்றும் நாளில் ரசத்துக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள்.